மறு: ‘அண்டர்லையிங் டேட்டா’வுக்கு மூலத்தரவு வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். அறிக்கையில் தெரியும் கூட்டுத்தொகைக்குக் கீழே இருக்கும் தனித்தனி விவரங்களை ஆங்கிலத்தில் ‘அண்டர்லையிங் டேட்டா’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> மூலத்தரவு என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் சட்டென்று புரியும்.

சட்டென்று புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அதுதான் என் பயம்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பவர் பிஐயில் (தரவைப் படமாகவும் அட்டவணையாகவும் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வெளியிட்டிருந்த விற்பனை அறிக்கையில் ஒரு மாவட்டத்தின் பட்டை மட்டும் பனைமரம் மாதிரி நின்றது, மற்றதெல்லாம் அதன் காலடியில் புல். யாரோ 48,500 என்று தட்டவேண்டியதை 4,85,000 என்று தட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் பையன் சுறுசுறுப்பானவன். படத்தின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, தரவை ஏற்றுமதி செய்து, வந்து விழுந்த எக்செல் கோப்பில் அந்தப் பூஜ்யத்தை எடுத்து, சேமித்து, ‘சரி பண்ணியாச்சு’ என்று எல்லாருக்கும் மின்னஞ்சலும் அனுப்பிவிட்டான். மறுநாள் காலைக் கூட்டத்தில் திரையைப் போட்டால் பனைமரம் அசையாமல் நிற்கிறது. ‘மூலத்தரவைத்தானே சார் திருத்தினேன்’ என்கிறான். அவனைத் திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் எங்கள் தமிழ்க் கையேட்டில் அந்த ஏற்றுமதிக்கு நேராக ‘மூலத்தரவு’ என்று போட்டுவைத்தது நான்தான்.

அங்கே இருப்பது மூன்று அடுக்கு. கண்ணுக்குத் தெரியும் பட்டை வெறும் கூட்டுத்தொகை. அதற்குக் கீழே, கூட்டப்படாத ஒவ்வொரு விற்பனையும் ஒரு நிரையாக, அதாவது கிடைவரிசையாக, உட்கார்ந்திருக்கும் மாதிரியுரு (‘மாடல்’). (‘மாதிரி’ என்று மட்டும் எழுதினால் புள்ளியியல்காரர் ‘சாம்பிள்’ என்று படிப்பார், அதனால் இலங்கைப் பாடநூல் வழக்கில் இருக்கும் மாதிரியுருவை எடுத்துக்கொள்கிறேன். இதைத்தான் மைக்ரோசாஃப்ட் முன்பு ‘டேட்டாசெட்’ என்றது, 2023 நவம்பரில் ‘செமாண்டிக் மாடல்’ என்று பெயரை மாற்றி நம் பட்டியலில் ஒரு வரியை வீணாக்கியது.) அதற்கும் கீழே, யாரோ ஒருவருடைய எக்செல் தாளோ நிறுவனத்தின் தரவுத்தளமோ இருக்கிறது. அதுதான் மூலம். நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது நடு அடுக்குக்கு. பெரும்பாலான அறிக்கைகளில் அது மூலத்திலிருந்து எடுத்துவைத்த நகல், குறித்த நேரத்தில் புதுப்பிக்கும் வரை பழையதாகவே இருக்கும். ப்ரோ உரிமம் என்றால் ஒரு நாளைக்கு 8 முறைதான் நேரம் குறித்துவைக்கலாம். நகலே எடுக்காமல் ஒவ்வொரு முறையும் மூலத்தைக் கேட்டு வாங்கும் முறையும் உண்டு, ஆனால் அங்கேயும் ஏற்றுமதி செய்த கோப்பில் கைவைத்தால் அறிக்கை மாறப்போவதில்லை.

பவர் பிஐ பழக்கமில்லாதவர்கள் எக்செல்லிலேயே பார்க்கலாம். ஒரு பிவட் அட்டவணையில் (நிரைகளைக் கூட்டித் தொகுத்துக் காட்டுவது) ஏதாவது ஒரு கூட்டுத்தொகையை இரண்டு முறை சொடுக்குங்கள். அந்த எண்ணுக்குள் இருந்த நிரைகள் மட்டும் ஒரு புதுத் தாளில் வந்து விழும். அந்தத் தாளில் என்ன மாற்றினாலும் பிவட்டுக்குத் தெரியாது. நாம் பேசும் சங்கதி இதேதான். பார்க்கக் கிடைக்கும், எடுத்துப்போகக் கிடைக்கும், திருத்தக் கிடைக்காது. ‘மூலம்’ என்ற சொல்லை இதற்குக் கொடுத்துவிட்டால், உண்மையில் போய்த் திருத்தவேண்டிய இடத்துக்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

> மறைதரவு / பின்புலத் தரவு?

மறைதரவு கூடவே கூடாது. மறைந்திருக்கிறது என்று நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பவர் பிஐயில் அறிக்கையை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் வசதி ஒன்று இருக்கிறது. படத்தில் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரிகிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் அதற்குக் கீழே உள்ள விவரங்களும் பார்ப்பவர் கைக்குப் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எச்சரிக்கிறது. ஊழியர் சம்பள அறிக்கையை அப்படி வெளியிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பின்புலம் என்றால் எனக்கு நாடக மேடையின் படுதா ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

> முழுத்தரவு

முழுசாக எங்கே வருகிறது? எக்செல்லாக ஏற்றுமதி செய்தால் 1,50,000 நிரை, சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக்கோப்பு என்றால் 30,000, அதோடு நின்றுவிடும்.

வரித்தரவு என்று சொன்னவருக்கு ஒரு கும்பிடு. நிரை என்ற பொருளில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த அறிக்கைகளை அதிகம் பார்ப்பது கணக்குப் பிரிவுக்காரர்கள், ‘வரித்தரவை ஏற்றுமதி செய்’ என்று திரையில் கண்டால் ஜிஎஸ்டி கணக்கு என்று ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். நிரைத்தரவு தேறும். பாடநூலில் நிரை, நிரல் இரண்டும் இருக்கின்றன, ஆனால் பள்ளியோடு மறந்தவர்கள்தான் அதிகம். அதோடு கணக்குப் பாடத்து அணியில் (மேட்ரிக்ஸ்) செங்குத்து வரிசைக்குப் படித்த நிரலை நாமே கணினி நிரலுக்கும் கொடுத்து ஏற்கெனவே குழப்பி வைத்திருக்கிறோம்.

அடித்தரவு எனக்குப் பிடித்திருந்தது. சரி, சொல்லிப் பார்ப்போம் என்று எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்குப் போன் போட்டேன். ‘அடித்தளவா? எதை அளக்கணும்?’ என்றார். விளக்கிச் சொன்னதும் அவரே, ‘ஓ, சிட்டையைச் சொல்றியா’ என்று கேட்டார். அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதி, ராத்திரி உட்கார்ந்து பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவாராம். பேரேட்டில் ஒரு தொகை இடித்தால் சிட்டையைத்தான் புரட்டுவார்கள். நம் முன்னோர் வைத்திருந்த அடுக்குமுறை இதைவிடத் தெளிவாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்க சிட்டைத்தரவு என்றே வைத்துவிடலாமா என்று மனசு அலைந்தது. ஆனால் இன்றைக்கு 25 வயதில் இருப்பவருக்குச் சிட்டை தெரியாது, தெரிந்தவருக்கும் பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுகா அலுவலகத்துக்குப் போய்விடும். அப்புறம் யோசித்தால் இன்னொரு கோளாறும் இருக்கிறது: சிட்டைதான் முதல் எழுத்து, அதாவது அது மூலமேதான். நான் எதை வேண்டாம் என்கிறேனோ அதே பள்ளம்.

அதனால் என் முன்மொழிவு ‘அடிப்பதிவு’. அடிக்குறிப்பு, அடிமண், அடித்தளம் எல்லாம் நமக்குப் பழகிய கட்டுமானம்தான். ‘பதிவு’ என்றால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியது, குவியல் அல்ல. ‘அடிப்பதிவுகளைக் காட்டு’ என்று பட்டியலில் போட்டால் நன்றாகவே உட்காருகிறது. கூட்டியதற்குத் தொகுப்புத்தரவு. மூலத்தரவு என்பது கடைசி அடுக்குக்கு மட்டும். அக்காவிடம் மறுபடியும் போன் போட்டுச் சொன்னேன், ‘கூட்டலுக்கு அடியில இருக்கற பதிவு, அதானே’ என்றார். எனக்கு அது போதும்.

---

> தம்பி, எல்லாம் சரி. ஆனால் உங்கள் வாதம் ‘திருத்த முடியாது’ என்பதில் நிற்கிறது. இப்போது அறிக்கையில் இருந்தபடியே தரவைத் திருத்தும் வசதி வந்துவிட்டதே. அது பரவலானால் அடிப்பதிவுக்கும் மூலத்தரவுக்கும் என்ன வித்தியாசம்? தவிர, ‘தரவு’ என்ற நல்ல சொல்லை ஏன் கழற்றிவிட்டீர்கள்?

ஐயா, நல்ல கேள்வி. பவர் ஆப்ஸை (மைக்ரோசாஃப்ட்டின் செயலி உருவாக்கும் கருவி) அறிக்கைக்குள் பதித்துத் திருத்துவது முன்பே இருந்தது, 2025இல் அதற்கென்றே ஒரு வசதியை முன்னோட்டமாகவும் விட்டார்கள். ஆனால் அதில் நடப்பதைக் கவனித்தால், நாம் பொத்தானை அழுத்தினதும் திருத்தம் நேரே கீழே உள்ள தரவுத்தளத்துக்குப் போகிறது, அங்கே மாறின பிறகுதான் மேலே வந்து தெரிகிறது. பேரேட்டைப் பார்த்துக்கொண்டே கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சிட்டையை மாற்றச் சொல்வது மாதிரி. ஆக அங்கேயும் திருத்தப்படுவது மூலத்தரவுதான், அடிப்பதிவு பின்னால் வருகிறது. அந்தச் செயலுக்கு ‘மீளெழுது’ என்று ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறேன், ‘மூலத்தில் திருத்து’ என்று போட்டாலும் எனக்குச் சம்மதமே, சொல்லப்போனால் பின்னதுதான் அந்தப் பையனுக்கு உதவியிருக்கும்.

தரவைக் கழற்றியதில் எனக்கும் வருத்தம்தான். கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயராக இருந்த சொல்லைக் கணக்குக்கும் கணினிக்கும் கொண்டுவந்து ஓடவிட்டிருக்கிறோம், அதை விட மனசு வராது. ஆனால் இந்த ஓர் இடத்தில் தொகுப்புத்தரவு, அடித்தரவு, மூலத்தரவு என்று மூன்றும் ஒரே வாலோடு ஒரே திரையில் நின்றால் வேகமாக வாசிப்பவர் கண் முதல் பாதியைத் தாண்டிவிடும். நடுவில் இருப்பது மட்டும் வேறு வாலோடு இருந்தால் கண் தடுக்கி நிற்கும். தடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் வைத்தேன்.

‘வணிக நுண்ணறிவு’ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ்) பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார், செயற்கை நுண்ணறிவோடு குழம்புகிறதே, ‘வணிக உளவு’ என்று மாற்றலாமா என்று. வேண்டாம். 1958இல் ஐபிஎம் இதழில் ஹான்ஸ் பீட்டர் லூன் அந்தப் பெயரில் கட்டுரை எழுதியபோதே, உண்மைகளுக்கு இடையே உள்ள தொடர்பைப் பிடித்துக்கொள்ளும் திறன் என்ற பொருளில்தான் எடுத்துக்கொண்டார். உளவு என்று வைத்தால் பக்கத்துக் கடையை வேவு பார்ப்பது போல ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் அடிப்பதிவை ஏற்றிவிடுகிறேன், ‘அடித்தரவு’ மாற்றுச்சொல்லாக அடைப்புக்குள் இருக்கட்டும். எங்கள் கையேட்டை நேற்றே திருத்திவிட்டேன். ‘ட்ரில் த்ரூ’வுக்கு (ஓர் எண்ணிலிருந்து அதன் விவரப் பக்கத்துக்குப் போவது) ‘துளைத்துச் செல்’ என்று வந்திருப்பதைப் பற்றித் தனி மடல் போடுகிறேன், பல் டாக்டர் ஞாபகம் வராமல் ஒரு சொல் இருந்தால் யாராவது அதற்குள் சொல்லுங்கள்.