‘ஹார்ட் மேன்’ தமிழில் என்ன? லிவர்பூல் பட்டியலுக்கு ஒரு சொல் வேண்டும்

எழுதியவர்: இடதுவிங்

குழுவினருக்கு வணக்கம்.

லிவர்பூல் கால்பந்து அணியின் வரலாற்றில் எதிரணியை நடுங்கவைத்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்டவர்களை ஆங்கில விளையாட்டு எழுத்தில் ‘ஹார்ட் மேன்’ என்பார்கள். பத்திக்குப் பத்தி அந்தச் சொல் தேவைப்படுகிறது. இதுவரை ‘முரட்டு ஆட்டக்காரர்’ என்று எழுதிவந்தேன். டாமி ஸ்மித்துக்கு அது ஓரளவு ஒத்துப்போகிறது. ஜெரி பர்னிடம் வந்ததும் இடிக்கிறது. அந்த மனிதர் யாரிடமும் முரட்டுத்தனமாக ஆடிப் பெயர் வாங்கியவர் இல்லை.

ஒரே சொல் வேண்டும். பன்மை எடுக்க வேண்டும், தலைப்பில் வைத்தால் சிரிப்பு வரக்கூடாது. இப்போது கையில் இருப்பவை: முரடர், வன்மையர், அடாவடியர், இரும்பர். எதுவும் பிடிக்கவில்லை.

எழுதியவர்: பழஞ்சுவடி

‘கடுவன்’ எப்படி? கடுமை உள்ளே இருக்கிறது, ஓசையும் மிடுக்காக இருக்கிறது.

எழுதியவர்: ஆஃப்சைடு

ஐயா, கடுவன் என்றால் ஆண் பூனை, ஆண் குரங்கு. கிரேம் சூனஸைப் பற்றி அப்படி எழுதி, அவருக்கு யாராவது பொருள் சொல்லிவிட்டால் நம் குழுவையே தேடி வருவார்.

இன்னொன்று. ‘மறவர்’ என்று யாராவது தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். பொருள் சரிதான், ஆனால் அது இன்று சாதிப் பெயரும்கூட. கலைச்சொல்லுக்கு அந்தச் சுமை வேண்டாம். ‘மல்லர்’ குத்துச்சண்டைக்கும் மற்போருக்கும் போய்விடும்.

எழுதியவர்: நடுக்களம்

> ஒரே சொல் வேண்டும்.

இடதுவிங், சொல்லுக்குப் போகும் முன் இந்த ஆட்கள் என்னதான் செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். ‘ஹார்ட் மேன்’ என்று ஒரே பட்டம் கொடுத்துவிட்டார்களே தவிர, உள்ளே மூன்று வகைக் குணம் இருக்கிறது. அது தெரியாமல் சொல் செய்தால் உங்கள் வரிசையும் தப்பாகப் போகும்.

முதலில் ரான் யேட்ஸ். 1961-இல் டண்டீ யுனைடெட்டிலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர், நடுத் தடுப்பாட்டக்காரர், நல்ல உயரம். அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று மேலாளர் பில் ஷாங்க்லி பத்திரிகையாளர்களை அழைத்தது பிரபலமான கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1964 நவம்பரில் ஆண்டர்லெக்ட் அணியுடன் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். அதுவரை லிவர்பூலின் சட்டை சிவப்பு, கால்சட்டை வெள்ளை. சிவப்புக் கால்சட்டை போட்டால் ஆட்கள் இன்னும் பெரிதாகத் தெரிவார்கள், எதிரணி மிரளும் என்று ஷாங்க்லிக்கு ஒரு யோசனை. யேட்ஸுக்குத்தான் முதலில் மாட்டிப் பார்த்தார். ஏழடி உயரம் தெரிகிறாய் என்று குதித்தாராம். காலுறையையும் சிவப்பாக்கிவிடலாம் என்று சக ஆட்டக்காரர் இயன் செயின்ட் ஜான் சொல்ல, முழுச் சிவப்பு உடை அப்படித்தான் வந்தது. ஆட்டம் 3-0. இன்றைக்கும் அந்த அணி போட்டு ஆடும் முழுச் சிவப்பு, எதிரியை மிரட்டுவதற்காகவே ஓர் ஆளின் உடம்பில் அளந்து பார்க்கப்பட்டது. யேட்ஸ் யாரையும் இடிக்கக்கூட வேண்டியதில்லை, வந்து நின்றால் போதும். இது தோற்றத்தால் வரும் அச்சம்.

அடுத்தது சூனஸ். இவரை எழுதும்போது இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். 1978 ஜனவரியில் மிடில்ஸ்பரோவிலிருந்து வந்தவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தையே தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடியவர். எவர்டனுக்கு எதிரான 1984 லீக் கோப்பை இறுதி மறு ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அவர் அடித்தது. அதே பருவத்தில், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டினாமோ புக்கரெஸ்ட் அணித்தலைவர் லிகா மோவிலாவின் தாடையை ஒரே குத்தில் உடைத்தார். பந்து வேறெங்கோ இருந்தது, நடுவர் பார்க்கவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு புக்கரெஸ்ட் போனபோது மைதானம் முழுக்க அவரைக் குறிவைத்துக் கத்தியது. எதிரணி ஆட்கள் அவர் காலைத் தேடித் தேடி உதைத்தார்கள். மனிதர் அசரவில்லை. இயன் ரஷ் இரண்டு கோல் போட்டு 2-1 என வென்றார்கள். பிறகு ரோமிலேயே ரோமா அணியுடன் இறுதி ஆட்டம், அது பெனால்டி வரை போனது, சூனஸ் தன் பங்குக்கு அடித்துக் கோலாக்கினார். தாடையை உடைத்தவரும் அவர்தான், அவ்வளவு எதிர்ப்பில் நிதானமாக ஆடியவரும் அவர்தான். உங்கள் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

மூன்றாவது பர்ன். 1965 மே 1, வெம்பிளி, லீட்ஸுக்கு எதிரான எஃப்ஏ கோப்பை இறுதி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பாபி காலின்ஸுடன் மோதிக் காறை எலும்பு முறிந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் இங்கிலாந்து லீகுக்கே அதற்கடுத்த பருவத்தில்தான் வந்தது. ஆகவே பர்ன் வெளியேறினால் லிவர்பூல் பத்துப் பேருடன் ஆட வேண்டும். வெளியே சொல்லாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடினார், கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம். கூடுதல் நேரத்தில் ரோஜர் ஹண்ட் போட்ட முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்ததே அவர்தான். 2-1. அந்தக் கழகத்துக்கு அதுதான் முதல் எஃப்ஏ கோப்பை. எலும்பு முறிந்திருக்கிறது என்பது எதிரணிக்குத் தெரியவே தெரியாது என்பதால் இங்கே மிரட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘முரட்டு ஆட்டக்காரர்’ உங்களுக்கு இடித்தது இதனால்தான்.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் டாமி ஸ்மித். ஊர்க்காரர், 638 ஆட்டங்கள். ஸ்மித் பிறக்கவில்லை, கல்குவாரியில் வெட்டி எடுக்கப்பட்டவர் என்று ஷாங்க்லி சொன்னதாகச் சொல்வார்கள். எதிரணியின் கோலடிக்கும் ஆட்டக்காரர் ஜிம்மி கிரீவ்ஸ் ஆடவந்தபோது ஊர் மருத்துவமனையின் உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்தார் என்ற கதையும் உண்டு. ஆனால் லிவர்பூல் சட்டையில் அவர் வெளியேற்றப்பட்டது ஒரே ஒரு முறை, அதுவும் நடுவரிடம் பேசிய பேச்சுக்காக. ஆகவே அட்டையை எண்ணி யாரையும் வரிசைப்படுத்தாதீர்கள். மஞ்சள், சிவப்பு அட்டைகள் இங்கிலாந்து லீகுக்கு 1976-இல்தான் வந்தன. 1981-இல் எடுத்தே வைத்துவிட்டு 1987-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பின்னாலிருந்து காலை வாரினால் நேராகச் சிவப்பு என்ற கண்டிப்பு 1998 உலகக் கோப்பையை ஒட்டி வந்தது. ஸ்மித்தின் காலத்தில் அதெல்லாம் அன்றாட ஆட்டம்.

1977-இல் ரோமில் மொன்சென்கிளாட்பாக் அணிக்கு எதிராக அவர் தலையால் முட்டிப் போட்ட கோலையும் விட்டுவிடாதீர்கள். மிரட்டுவதற்காக மட்டும் ஒருவரை ஷாங்க்லியும் அவருக்கு அடுத்த மேலாளர் பெய்ஸ்லியும் பதினைந்து ஆண்டு வைத்திருக்க மாட்டார்கள்.

என் வரிசை: ஸ்மித், சூனஸ், பர்ன், யேட்ஸ். அதற்குப் பிறகு ஜிம்மி கேஸ், ஸ்டீவ் மெக்மான், ஜோயி ஜோன்ஸ் மூவரையும் எப்படி மாற்றிப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். எம்லின் ஹியூஸை இதில் சேர்க்காதீர்கள். நியூகாசில் ஆட்டக்காரரை ரக்பி பாணியில் கட்டிப்பிடித்து வீழ்த்தி ‘கிரேசி ஹார்ஸ்’ என்று பெயர் வாங்கியவர், அது வேறு குணம். ஸ்டீவன் ஜெரார்டு 2015 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இடைவேளைக்குப் பின் இறங்கி 38 நொடியில் சிவப்பு அட்டை வாங்கியதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். மிதிக்கக் கூடாத இடத்தில் மிதித்துவிட்டு வெளியேறியது அது. நிதானம் தவறியவர் இந்தப் பட்டியலில் எதற்கு? (ஜெரார்டு எனக்குப் பிடித்த ஆட்டக்காரர், அதனால் கோபம் கொஞ்சம் அதிகம்.)

சரி, சொல். என் பரிந்துரை தறுகணர். தறுகண் என்றால் அஞ்சாமை. அகராதியில் அதற்குக் கொடுமை என்றும் பொருள் உண்டு. பர்னின் அஞ்சாமையும் சூனஸின் கொடுமையும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம் புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை.

எழுதியவர்: ஆஃப்சைடு

நடுக்களம் சொன்னதில் பாதி ஒப்புகிறேன். மூன்று தடைகள்.

ஒன்று, வேகமாகப் படிக்கிறவர் ‘தறுதலை’ என்று படிப்பார். சூனஸ் விஷயத்தில் பொருளும் ஓரளவு பொருந்தித் தொலைக்கும்.

இரண்டு, குறளில் ‘பேராண்மை என்ப தறுகண்’ என்று தொடங்கி, பகைவனுக்கு ஓர் இடர் வந்தால் இரங்குவதுதான் அதற்குக் கூர்மை என்று முடிகிறதே. அந்தக் குறளைத் தெரிந்தவர் மோவிலாவின் தாடையை உடைத்தவரைத் தறுகணர் என்று ஏற்பாரா? ‘வன்கணர்’ என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ‘ஊறஞ்சா வன்கண்’ என்று அதுவும் குறளில் இருக்கிறது. காறை எலும்பு உடைந்தும் ஆடியவருக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது.

மூன்று, உண்மையைச் சொன்னால், ஆங்கிலத்தில் ‘ஹார்ட் மேன்’ என்றதும் யாருக்கும் பர்ன் முதலில் நினைவுக்கு வருவதில்லை. ஸ்மித்தும் சூனஸும்தான் வருகிறார்கள். நாம் அந்தச் சொல்லைத் தமிழாக்குகிறோமா, திருத்துகிறோமா?

எழுதியவர்: நடுக்களம்

மூன்றாவது நல்ல கேள்வி. பர்னைச் சேர்க்காத ‘ஹார்ட் மேன்’ பட்டியல்களும் உண்டு, சேர்த்தவையும் உண்டு. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவருடைய உறுதியைத்தான் முதலில் சொல்கிறார்கள். வழக்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் அகலமான சொல் கிடைத்தால் எனக்கு நஷ்டம் தெரியவில்லை. குறுகலான பொருள் வேண்டும் என்கிற இடத்தில் ‘மிரட்டல் ஆட்டக்காரர்’ என்று விளக்கமாகவே எழுதிக்கொள்ளலாம்.

வன்கணரை நானும் யோசித்தேன். இன்றைய காதுக்கு அதில் கொடுமைதான் மேலே நிற்கிறது. ‘வன்’ என்று தொடங்கினாலே வன்முறை, வன்கொடுமை என்று மனம் ஓடுகிறது. பர்னுக்கு அதை எழுதினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

எழுதியவர்: பழஞ்சுவடி

கடுவனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்.

ஆஃப்சைடின் இரண்டாவது தடைக்கு அந்தக் குறளிலேயே விடை இருக்கிறது. ‘ஒன்று உற்றக்கால் ஊராண்மை மற்று அதன் எஃகு.’ தறுகண் தனி, ஊராண்மை, அதாவது பகைவனுக்கு இரங்குவது, தனி. ஊராண்மை தறுகண்ணுக்கு மேலே ஏற்றிய கூர்மை. இரக்கம் தறுகண்ணுக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே. தொல்காப்பியமும் பெருமிதம் பிறக்கும் நான்கில் தறுகண்ணையும் கொடையையும் வேறு வேறாகத்தான் எண்ணுகிறது. ஆகவே சூனஸ் தறுகணர்தான், ஊராண்மை இல்லாத தறுகணர். இடதுவிங் விரும்பினால் வரிசைப்படுத்த இதையே ஒரு அளவாக வைத்துக்கொள்ளலாம். வெறும் தறுகண்ணுக்கு எங்கே இடம், ஊராண்மையும் சேர்ந்தால் எங்கே இடம் என்று. அப்படிப் பார்த்தால் சூனஸ் ஒரு படி இறங்கலாம்.

வடிவம் பற்றி: தறுகண்ணர் என்றும் எழுதலாம், தறுகணர் என்றும் எழுதலாம். கோச்செங்கணான் என்று ஒற்றை ணகரத்தோடு எழுதும் மரபு இருக்கிறது. தலைப்புக்குச் சின்னதாக இருப்பது நல்லது. ‘ஆளர்’ சேர்த்துத் தறுகணாளர் என்றால் இன்னும் பழக்கமான வடிவம், நீளம்தான் இடைஞ்சல்.

ஒரு லாபமும் உண்டு. ‘ஹார்ட் மேன்’ ஆணை மட்டும் குறிக்கிறது. பெண்கள் அணியைப் பற்றி எழுதும்போது ஆங்கிலக்காரர்களே அங்கே தடுமாறுகிறார்கள். தறுகணருக்கு அந்தத் தொல்லை இல்லை.

எழுதியவர்: ஆஃப்சைடு

ஊராண்மை விளக்கம் எனக்குப் போதும். தறுதலை பயம் இன்னும் போகவில்லை. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘அஞ்சாத் தறுகணர்’ என்று எழுதினால் கண் தப்பாகப் படிக்காது. அப்புறம் தனியாகவே வரட்டும்.

சூனஸ் இறங்கக் கூடாது. அன்று புக்கரெஸ்டில் ஆடிய ஆட்டத்துக்காகவே அவருக்கு முதல் இடம் கொடுப்பேன், ஸ்மித்துக்கும் மேலே.

எழுதியவர்: இடதுவிங்

அனைவருக்கும் நன்றி. நம் கலைச்சொல் தொகுப்பில் இப்படிச் சேர்க்கிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

*தறுகணர்*: ஹார்ட் மேன். வலிக்கும் எதிர்ப்புக்கும் அஞ்சாத, எதிரணியை அஞ்சவைக்கும் ஆட்டக்காரர். பன்மை தறுகணர்கள். பண்பு தறுகண்மை. அப்படிப்பட்ட ஆட்டமுறை தறுகண் ஆட்டம்.

வரிசையில் ஸ்மித்தை முதலில் வைத்துவிட்டேன். பர்னை இரண்டாவதாக ஏற்றி, சூனஸை மூன்றாவதாக இறக்கியிருக்கிறேன். ஆஃப்சைடு திட்டலாம். யேட்ஸைப் பற்றிய பத்தியில் சிவப்புக் கால்சட்டைக் கதையைச் சேர்த்துவிட்டேன், அது எனக்குத் தெரியாது.

கட்டுரையில் இன்னும் ஒரு சொல் பாக்கி நிற்கிறது: ‘என்ஃபோர்சர்’. தன் அணியின் நுட்பமான ஆட்டக்காரர்மேல் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதையே வேலையாக வைத்திருப்பவர். தறுகணர் எல்லாரும் அந்த வேலையைச் செய்வதில்லை. ‘களக்காவலர்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் காவல் துறை வாசனை அடிக்கிறது. தனி இழையாகத் தொடங்கட்டுமா?