தன்னியக்கமா, தற்சீராக்கமா?

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

டர்பனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போரின் குடும்பத்தாருக்காக ஆயத்தமாகும் தமிழ்க் கையேட்டில், செரிப்ரல் ஆட்டோரெகுலேஷன் (இரத்த அழுத்தம் மாறினாலும் மூளை தனக்கு வரும் குருதியின் அளவைச் சீராக வைத்துக்கொள்ளும் செயல்) என்பதற்கு 'மூளைக் குருதியோட்டத் தன்னியக்கம்' என்று தாங்கள் முன்மொழிந்திருப்பதை ஏற்கத் தயங்குகிறேன். இதயத்துடிப்பு, செரிமானம் போன்றவற்றை நம் முயற்சியின்றியே நடத்தும் நரம்புகளுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்பது ஏற்கெனவே வேரூன்றிய பெயர். அதே அடையை இங்கும் இட்டால், நரம்புகளே இச்செயலை நடத்துகின்றன என்று படிப்பவர் கொள்வார். உண்மையிலோ, இரத்த அழுத்தம் ஏறும்போது மூளையின் சிறுதமனிகள் தாமே சுருங்குகின்றன, இறங்கும்போது தாமே விரிகின்றன. இது பெரிதும் தமனிச் சுவரின் தசைக்கே உரிய இயல்பு, நரம்புகள் துணைநிற்பவையே. நலமுள்ளோரிடம் சராசரித் தமனியழுத்தம் (ஓர் இதயத்துடிப்பு முழுதும் தமனிகளில் நிலவும் அழுத்தத்தின் சராசரி) ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை மாறினாலும் மூளைக்குச் செல்லும் குருதி பெரிதாக மாறுவதில்லை என்று பாடநூல்கள் கூறுவது இதனால்தான். ஆகவே 'தற்சீராக்கம்' என்பதை முன்வைக்கிறேன். ('தற்கட்டுப்பாடு' என்ற யோசனையும் வந்தது, அது சினத்தை அடக்கச் சொல்லும் அறிவுரைபோல் ஒலிக்கிறது.)

கையேட்டுக்குத் தேவைப்படுவது இச்செயலின் பெயரைவிட அதன் பழுதின் பெயர்தான் என்பதால், 'தற்சீராக்கக் குலைவு' என்று எளிதில் நீள்வதும் இச்சொல்லுக்கு ஒரு தகுதி. செப்சிஸ் (கிருமித் தொற்றின் விளைவாக உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிகள் பலரிடம் இக்குலைவு காணப்படுகிறது. அவர்களுக்குச் சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கும்போது, உடலிலிருந்து நீர் விரைவாக எடுக்கப்பட்டால் அழுத்தம் சரியும், அதன் பின்னாலேயே மூளையின் குருதியோட்டமும் சரியும். பல மணிநேரம் மெதுவாக ஓடும் தொடர் டயாலிசிஸை மருத்துவர்கள் இத்தகையோருக்கு விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மவரிடையே நாட்பட்ட இரத்தக்கொதிப்பு மிகுதி என்பதையும் கையேடு சொல்ல வேண்டும்: அத்தகையோரின் தற்சீராக்க எல்லை மேல்நோக்கி நகர்ந்திருப்பதால், செப்சிஸால் இரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும் செப்டிக் அதிர்ச்சியில் பொதுவாக முதல் இலக்காகக் கொள்ளப்படும் 65 மில்லிமீட்டர் சராசரித் தமனியழுத்தம் சிலரின் மூளைக்குப் போதாமல் போகலாம்.

செப்சிஸுக்கு 'இரத்தம் நஞ்சாதல்' வேண்டாம். இரத்தத்தில் கிருமியே அகப்படாதபோதும் அந்நோய் இருக்கக்கூடும். கிருமித் தொற்றை எதிர்க்கும் உடலின் வினை நெறிகெட்டு உறுப்புகளைப் பழுதாக்கும் நிலை என்று முதல் இடத்தில் விளக்கிவிட்டு, பிறகு செப்சிஸ் என்றே எழுதலாம். டயாலிசிஸ் என்பதையும் அப்படியே விட்டுவிடலாம்; டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் வாசிக்கும் முதியோரும் அச்சொல்லைத்தான் ஆள்கிறார்கள்.