ப்ரோக்னோசிஸுக்குத் தமிழ் என்ன? வியாழக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். ரத்தப் புற்றுநோய் வார்டில் நோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்க எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கீமோ, அணுக்கள் குறைவது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது எல்லாம் முடிந்தது. ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் நுரையீரலிலோ ரத்தத்திலோ பூஞ்சை புகுந்துவிட்டால் யார் பிழைப்பார்கள், யாருக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் அந்தப் பக்கம். தலைப்பிலேயே 'ப்ரோக்னோசிஸ்' நிற்கிறது. கைவசம் முன்கணிப்பு, நோய்ப்போக்குக் கணிப்பு, விளைவு முன்னறிவு என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டுவிட்டு "ஜாதகமா?" என்றார். இரண்டாவதற்கு "வயித்துப்போக்கா?" என்றார். மூன்றாவதற்கு எதுவும் சொல்லவில்லை.

'இன்வேசிவ்' என்பதற்கு 'ஊடுருவும்' என்று போட்டிருக்கிறேன். அதிலும் மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

அம்மா, 'முன்கணிப்பு' என்பதில் 'முன்' வேண்டாத சுமை. கணித்தல் என்றாலே வரப்போவதைச் சொல்வதுதான். நாளும் கோளும் பார்த்தவன் கணி. வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் உண்டு. வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, கொய்யும் காலம் வந்துவிட்டது என்று மலைமக்கள் அறிந்தார்கள். மரம் ஆரூடம் சொல்லவில்லை. தன் உடம்பில் நடந்த மாற்றத்தால் வரப்போவதைக் காட்டியது. மருத்துவர் நோயாளியின் உடம்பைப் பார்த்து வரப்போவதைச் சொல்வதும் அதே வேலைதான். ஆகவே 'நோய்க்கணி' போதும். சிறிய சொல், பழைய சொல்.

'கணி' வடமொழி அடியிலிருந்து வந்தது என்று அகராதியைக் காட்டி யாராவது வருவீர்கள். அந்த வழக்கு பழையது. வேங்கையைக் கணி என்று அழைத்த குறவர் வடமொழி படித்து அழைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

இன்னொரு வழியும் இருக்கிறது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் ஊர்ப்பக்கத்தில் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, நற்சொல் கேட்க நிற்பார்கள். கட்டிப்போட்ட கன்றிடம் ஓர் இடைச்சி "இப்போதே வந்துவிடுவார்கள் உன் தாயர்" என்று சொல்வது காதில் விழுகிறது. அதுதான் விரிச்சி. கலைச்சொல்லாக இதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் உங்கள் ஆறாம் பக்கத்தைப் படிக்கப்போகிறவர்கள் எந்த நிலையில் நிற்பார்கள் என்று யோசித்தால் அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

'இன்வேசிவ்' என்பதற்குப் 'புரையோடிய' இருக்கிறதே. புண் புரையோடிப்போச்சு என்று ஊரில் எல்லாரும் சொல்வது. 'ஊடுருவல்' எல்லைக் காவல் செய்தியில் வரும் சொல்.

புள்ளியியல் ஆய்வு மாணவர், கோவை:

ஐயா, 'நோய்க்கணி' என்றால் கணினி, கணிமை வரிசையில் ஏதோ செயலி என்றுதான் என் வயதுக்காரர்கள் நினைப்பார்கள். நான் இதே துறையில் மாடல் போடுகிறேன். எங்களுக்கு இரண்டு சொல் வேண்டும். பிரெடிக்‌ஷன் என்பது நாங்கள் செய்யும் கணக்கு. ப்ரோக்னோசிஸ் என்பது அந்தக் கணக்கு எதைப் பற்றியதோ அது. இரண்டையும் 'முன்கணிப்பு' என்று எழுதினால் "முன்கணிப்பை முன்கணிக்கும் மாதிரி" என்று வாக்கியம் அமைகிறது. இதில் 'மாதிரி' மாடலா சாம்பிளா என்பது தனிச் சண்டை.

விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்:

இஞ்சை இந்தப் பிரச்சினையே இல்லை. எங்கட பாடநூல்களில் 'எதிர்வுகூறல்' எண்டுதான் பல காலமாய் இருக்கு. மழை வருமெண்டு சொல்லுறதும் எதிர்வுகூறல்தான், பிள்ளைகளுக்கு நல்லாய் விளங்கும். அதில் சாதகமும் இல்லை, சாத்திரமும் இல்லை. எதிரே வரப்போவதைக் கூறுதல், அவ்வளவுதான்.

பூஞ்சை பற்றியும் ஒன்று. நாங்கள் 'பங்கசு' என்று எழுதுகிறோம். ஒலிபெயர்ப்பு என்று தமிழ்நாட்டு நண்பர்கள் குறை சொல்வார்கள். ஆனால் உங்கள் 'பூஞ்சை'க்கு மெலிந்த, நோஞ்சான் என்ற பொருளும் இருக்கிறது அல்லவா? "பூஞ்சை உடம்பு" என்று எழுதினால் கீமோவில் இளைத்தவரைச் சொல்கிறீர்களா, தொற்று வந்தவரைச் சொல்கிறீர்களா?

ரத்தவியல் மருத்துவர், சென்னை:

இரவுப் பணி முடிந்து வந்து எல்லா மடலையும் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பூஞ்சை. 2021-இல் மியூகர் தொற்றுக்குக் 'கருப்புப் பூஞ்சை' என்று பெயர் பரவியது. அந்தப் பூஞ்சை கருப்பு நிறமே இல்லை. அது ரத்தக் குழாயை அடைத்து, ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கிறது. பெயர் அப்படி நின்றுவிட்டதால், இன்றும் வார்டில் "பூஞ்சை" என்று சொன்னதும் பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி "கண்ணை எடுத்துருவீங்களா?" என்பதுதான். அவர்கள் பிள்ளைக்கு வந்திருப்பது நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சையாக இருக்கும். ஆகவே சொல்லில் கவனம் வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் இவ்வளவு மெனக்கெடுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

'புரையோடிய' அழகான சொல். ஆனால் புரையோடுவதற்கு நாள் ஆகும். கவனிக்காமல் விட்ட புண்தான் புரையோடும். அணுக்கள் இல்லாத உடம்பில் இந்தப் பூஞ்சை சில நாட்களில் பரவிவிடும். வீட்டார் தாங்கள்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று குற்றவுணர்வு கொள்ள அந்தச் சொல் இடம் கொடுக்கும். தேமலும் படர்தாமரையும் தோலோடு நிற்கும் பூஞ்சைத் தொற்றுகள். இது உள்ளே போய்விட்டது. 'உள்ளுறுப்பில் புகுந்த பூஞ்சைத் தொற்று' என்று நீட்டியே எழுதுங்கள். புரியும்.

இனி ப்ரோக்னோசிஸ். நாங்கள் எதை வைத்துச் சொல்கிறோம் என்பது வள்ளுவரின் மருந்து அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது:

உற்றான் அளவும் பிணியளவும் காலமும்
கற்றான் கருதிச் செயல்.

உற்றான் அளவு என்றால் எங்களுக்கு முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை. மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே எத்தனை நாளாக இருக்கிறது? பத்து நாளைத் தாண்டினால் கவலை கூடும். எண்ணிக்கை ஏற ஆரம்பித்தால் பாதிக் கவலை இறங்கும். புற்றுநோய் கட்டுக்குள் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, ஐசியுவில் இருக்கிறாரா என்பதும் இதில் வரும். பிணியளவு என்பது எந்தப் பூஞ்சை, ஒரு நுரையீரலிலா, மூளைவரை போய்விட்டதா என்பது. காலம் என்பது மருந்து எப்போது தொடங்கியது என்பது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மியூகர் வந்த ரத்தப் புற்றுநோயாளிகள் 70 பேரைப் பார்த்தார்கள். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 83. அதற்கு முன்பே தொடங்கியவர்களில் 49. ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்த கதையும் இப்படித்தான். 2002-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வின் முடிவில், 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வோரிகோனசோல் பக்கம் நூற்றுக்கு 71, பழைய மருந்தின் பக்கம் 58. ஒரு மருந்து மாறியதும் ப்ரோக்னோசிஸே மாறிவிட்டது.

இதனால்தான் எனக்குக் 'கணி'யும் தயக்கம், 'கூறல்'உம் தயக்கம். இரண்டும் ஒரு தடவை சொல்லி முடித்துவிடும் காரியம் போலக் கேட்கின்றன. நான் திங்கட்கிழமை சொன்னதை வியாழக்கிழமை ரிப்போர்ட் பார்த்து மாற்றிச் சொல்கிறேன். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையே உள்ளே இருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சையில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கும். நோய் இதுதானா என்பதையே 'உறுதி', 'பெரும்பாலும்', 'இருக்கலாம்' என்று மூன்று படியாகத்தான் வகைப்படுத்தி வைத்திருக்கிறோம். இவ்வளவு அசைகிற ஒன்றுக்கு அசையாத சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

மென்பொருள் பணியாளர், திருநெல்வேலி:

இந்தக் குழுவில் நான் படிப்பதோடு சரி. இதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து மூன்றாவது வாரம் காய்ச்சல் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் இறங்கவில்லை. ஸ்கேனில் நுரையீரலில் ஓர் உருண்டை, அதைச் சுற்றிப் புகை படிந்தாற்போல ஒரு வளையம். அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வெள்ளணு கவுண்ட் எழுதி வைப்பாள். 100, 100, 0, 100, 200. வார்டில் எல்லா அம்மாக்களும் காலையில் குசலம் விசாரிப்பது "கவுண்ட் ஏறுச்சா?" என்றுதான்.

ஒருநாள் இளம் டாக்டர் ஒருவர், தமிழில் சொல்ல வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான், "முன்கணிப்பு அவ்வளவு நல்லா இல்லம்மா" என்றார். அம்மா "யாருப்பா கணிச்சது?" என்று கேட்டாள். ஜோசியரை நினைத்துத்தான் கேட்டாள். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் அம்மாவே "அதெல்லாம் விடுங்க. புள்ள தேறிருவானா?" என்றாள். அதற்கு அவர் அழகாகப் பதில் சொன்னார். கவுண்ட் 500-ஐத் தாண்டினால் தேற வாய்ப்பு இருக்கு, இந்த வாரம் பார்ப்போம் என்றார். இருபத்து நாலாம் நாள் 700. தாளில் அந்த எண்ணைச் சுற்றி அம்மா குங்குமத்தால் வட்டம் போட்டிருக்கிறாள்.

தம்பி அந்தப் பூஞ்சையிலிருந்து தேறினான். அடுத்த வருடம் புற்று திரும்பி வந்தது. அதில் போய்விட்டான். காலண்டர் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

தம்பி, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து போய்விட்டேன். நீங்கள் எழுதியதற்கு நன்றி என்று சொன்னால் போதாது.

உங்கள் அம்மா கேட்டதிலேயே சொல் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேறுவாய்ப்பு. "தேறுவாய்ப்பு கூடியிருக்கிறது", "தேறுவாய்ப்பைக் குறைக்கும் காரணங்கள்", "இந்த வாரத் தேறுவாய்ப்பு". டாக்டர் கேட்ட அசைவும் இதில் இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "பொழைக்கிறதுக்கு எவ்வளவு சான்ஸ்னு கேக்குறியா?" என்றார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

வினைத்தொகை. தேறிய வாய்ப்பு, தேறுகின்ற வாய்ப்பு, தேறும் வாய்ப்பு என மூன்று காலமும் உள்ளே கரந்து நிற்கும். வல்லினம் வந்தாலும் மிகாது என்பதால் சந்திப்பிழைக்கும் இடமில்லை. 'நோய்ப்போக்கு' என்பதில் ஒற்றை விட்டுவிட்டால் 'நோய் போக்கு' என்று ஏவலாகிவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தேறு என்பதற்குத் தெளிதல் என்ற பொருளும் உண்டு. கலங்கியது அடங்கித் தெளிந்தால் தேறல். 'வாய்ப்பு'ம் 'வாய்ப்பச் செயல்' என்ற குறளில் நிற்கும் வேர்தான்.

ஆனாலும் 'நோய்க்கணி'யைக் கைவிட எனக்கு மனமில்லை. நாளைக்குப் 'ப்ரோக்னோஸ்டிக்' என்ற பெயரடை வரும். அன்றைக்குத் 'தேறுவாய்ப்பியல்' என்பீர்களா?

புள்ளியியல் ஆய்வு மாணவர், கோவை:

அண்ணா, உங்கள் மடலுக்குப் பிறகு எதிர்த்து எழுதக் கை வரவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். எங்கள் மாடல் தருவது தேறுவதற்கான எண் அல்ல. 42 நாளுக்குள்ளோ 12 வாரத்துக்குள்ளோ இறப்பதற்கான நிகழ்தகவு. அதுவும் எந்தக் காரணத்தால் இறந்தாலும் கணக்கில் சேரும். பூஞ்சையாலா புற்றாலா என்று பிரிப்பது பல நேரம் முடியாது. 42-ஆம் நாள் உயிரோடு இருப்பவர் எல்லாரும் தேறியவர் அல்ல. 'தேறுவாய்ப்பு 60 சதவீதம்' என்று கையேட்டில் எழுதினால் நாம் அறியாததைச் சொன்னதாகிவிடும்.

ரத்தவியல் மருத்துவர், சென்னை:

சரியான கேள்வி. கட்டுரையில் நீங்கள் 'இறப்பு நிகழ்தகவு' என்றே எழுத வேண்டும். மறைக்கக் கூடாது. ஆனால் படுக்கைப் பக்கத்தில் நான் எண் சொல்வது அபூர்வம். கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது, இன்னும் தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறேன். அதற்குத் தேறுவாய்ப்பு போதும். கையேட்டில் சதவீதம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிலிருந்து தேறுவது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். "இது இந்தத் தொற்றிலிருந்து தேறுவது பற்றி, புற்றுநோய் பற்றித் தனியே பேசுவோம்" என்று. வீட்டார் அந்த இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்பார்கள்.

விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்:

கையேட்டுக்குத் தேறுவாய்ப்பு, சம்மதம். பாடநூலுக்கு எதிர்வுகூறல்தான். அதில் நான் இறங்கி வரமாட்டன்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

புதன் இரவு பதினொன்றரை. பக்கத்தை அனுப்பிவிட்டேன். தலைப்பு: "உள்ளுறுப்பில் பூஞ்சைத் தொற்று: தேறுவாய்ப்பை எது மாற்றும்?" டாக்டர் சொன்ன வரி முதல் பத்தியிலேயே இருக்கிறது. சதவீதம் எங்கும் இல்லை. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் மருத்துவர்களுக்காக 'நோய்ப்போக்குக் கணிப்பு' என்று ஒற்றோடு போட்டிருக்கிறேன். ஐயாவின் நோய்க்கணிக்கும் யாழ்ப்பாணத்து எதிர்வுகூறலுக்கும் இந்தப் பதிப்பில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அதில் தேதியும் கவுண்ட்டும் எழுதக் கட்டம் போட்ட ஒரு சிறிய அட்டவணை வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

அட்டவணை நன்று. அடுத்த பதிப்பு எப்போது அம்மா?