நோ ஒன் கில்டு ஜெசிக்கா: சாட்சிங்க எல்லாம் மாத்தி சொன்ன பிறகு ஹைகோர்ட் எதை வச்சு தண்டனை கொடுத்துச்சு?

நிலாமுற்றம்:
வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி தான் இந்தப் படம் பாத்தேன், 2011ல வந்தது, டெல்லில நிஜமா நடந்த ஜெசிக்கா கொலைக் கேஸ வச்சு எடுத்த இந்திப் படம், ராணி முகர்ஜி, வித்யா பாலன். பாத்து முடிச்சு ரொம்ப நேரம் தூக்கமே வரல. அத்தனை பேர் கூடியிருந்த பார்ட்டில ஒரு பொண்ண சுட்டுக் கொன்னுருக்கான், கடைசில கோர்ட்ல யாருமே பாக்கலைன்னு ஆகுது, அந்தப் பொண்ணோட சகோதரி சப்ரினா (வித்யா) ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறி ஏறி கெஞ்சுறாங்க. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ராணி முகர்ஜி பண்ண மீரா மாதிரி ஒரு நிருபர் நிஜத்துல இருந்தாங்களா? அடுத்தது, டிவியும் மெழுகுவர்த்தியும் சேந்து தீர்ப்பையே மாத்திருச்சுங்கற மாதிரி தான் படத்த முடிக்கறாங்க, உண்மைலயே அப்படியா? அப்படின்னா நாளைக்கு தப்பே பண்ணாத ஒருத்தன் மேல ஊரே கோவப்பட்டா அவன் கதி என்னன்னு நினைச்சா பயமா இருக்கு.

தியேட்டர்பையன்:
மீரா கற்பனைங்க. நிஜத்துல பல பேர் பண்ண வேலைய ஒரே ஆள் மேல ஏத்திட்டாங்க. 2006 பிப்ரவரில கீழ்கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விட்டதும் என்டிடிவி எஸ்எம்எஸ் பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, சாட்சிய ரகசிய கேமரால சிக்க வச்ச ஸ்டிங் டெஹல்கா பத்திரிகை பண்ணது. படத்தோட பேரே டைம்ஸ் ஆஃப் இந்தியா அன்னிக்கு போட்ட தலைப்பு தான். இந்தியா கேட்ல மெழுகுவர்த்தி ஏந்தினதும் நிஜம், அதுக்கு ஒரு மாசம் முன்னாடி தான் ரங் தே பசந்தி படம் வந்துருந்துச்சு, அதப் பாத்து தான் அந்த யோசனையே வந்துச்சுன்னு அப்பவே பேசினாங்க.

ராணிக்கு பிலிம்பேர் கிடைச்சது சரி தான், ஆனா எனக்கு வித்யா தான் படம். தொளதொளன்னு ஒரு டிஷர்ட், கண்ணாடி, தோள குறுக்கிக்கிட்டு நடக்கறது, சத்தம் போட்டு அழ ஒரு சீன் கூட கேக்காம ஒரு மனுஷி எப்படி ஓய்ஞ்சு போறான்னு உடம்புலயே காட்டிருப்பாங்க.

கோர்ட்வாசல்:
ரெண்டாவது கேள்விக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த விஷயத்துல படம் உண்மைல உழைச்சவங்கள ஓரங்கட்டிருச்சுன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம்.

1999 ஏப்ரல் 29 ராத்திரி, டெல்லி மெஹ்ரௌலில குதுப் கொலோனேட்ங்கற இடம். மூடின பார்ல சரக்கு கேட்டு ஜெசிக்கா முடியாதுன்னதும் மனு சர்மா ஒரு குண்டு கூரைல, அடுத்தது அவங்க தலைல. துப்பாக்கி கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. பக்கத்துல நின்ன நடிகர் ஷயான் முன்ஷி தான் எஃப்ஐஆர் கொடுத்தவர், அவர் கோர்ட்ல ஏறி எனக்கு இந்தி தெரியாது, போலீஸ் என்ன எழுதினாங்கன்னே தெரியாது, சுட்டது ரெண்டு வேற வேற ஆள்னு பிறழ்சாட்சி ஆயிட்டார். கூடவே தோட்டா நிபுணரும் ரெண்டு காலி தோட்டாவும் ரெண்டு துப்பாக்கில இருந்து வந்த மாதிரி தெரியுதுன்னு சொல்லிட்டார். கீழ்கோர்ட் அதப் புடிச்சுக்கிட்டு விட்டுருச்சு.

இப்ப படத்துல இன்ஸ்பெக்டர் ஒரு டேப் கொடுப்பாரே, போலீஸ் முன்னாடி கொடுத்த வாக்குமூலம்? அப்ப இருந்த சாட்சியச் சட்டம் 25வது பிரிவுப்படி அது கோர்ட்ல செல்லாது. டிவில போட்டா ஊர் கொதிக்கும், அவ்வளவு தான். ஹைகோர்ட் ஏற்கனவே ரெக்கார்டுல இருந்த சாட்சியத்தையே எடுத்து வரி வரியா படிச்சாங்க. அந்த இடத்த நடத்தின பீனா ரமணி, அவங்க பொண்ணு மாலினி, பார்ட்டிக்கு வந்த இன்னொருத்தர், இவங்க மூணு பேரும் சொன்னத நம்புனாங்க. பீனா அவன மறிச்சு ஏன் சுட்டேன்னு கேட்டு துப்பாக்கிய கொடுன்னு பின்னாலயே போனவங்க. லைசென்ஸ் இல்லாம சரக்கு ஊத்தினாங்கன்னு அவங்க மேலயே கேஸ் இருந்துச்சு, வாய மூடிட்டு இருந்தா அவங்களுக்கு லாபம், அப்படியும் பேசினாங்க. இதோட நொய்டால மீட்ட மனு சர்மாவோட டாடா சஃபாரி காரும் சேந்துக்குச்சு. 2006 டிசம்பர்ல ஆயுள் தண்டனை, 2010 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. அந்தத் தீர்ப்ப எழுதினவர் ஈரோடு மாவட்டத்துக்காரர் நீதிபதி சதாசிவம், நீங்க பயப்படறீங்களே அதே விஷயத்த, மீடியா விசாரணை நடத்தறது எவ்வளவு ஆபத்துன்னு, அந்தத் தீர்ப்புலயே கண்டிச்சும் எழுதிருக்காங்க.

அஞ்சறைப்பெட்டி:
கோர்ட்வாசல் அண்ணா, எல்லாம் சரி, ஆனா மெழுகுவர்த்திய இவ்வளவு லேசா தள்ளாதீங்க. விடுதலைய எதிர்த்து அப்பீல் போட 2006ல குடும்பத்துக்கு உரிமையே கிடையாது, அரசு தரப்பு தான் போகணும். 2009 கடைசில தான் பாதிக்கப்பட்டவங்களே அப்பீல் போகலாம்னு சட்டம் வந்துச்சு. அதே போலீஸ் தான் கேஸ சொதப்புனது, ஊர் சும்மா இருந்தா அவங்க அவ்வளவு வேகமா போயிருப்பாங்களா, ஹைகோர்ட் அதே வருஷம் முடிச்சிருக்குமா? ஏழு வருஷம் இழுத்த கேஸ்ணா.

கோர்ட்வாசல்:
அது நியாயமான பாயிண்ட் தம்பி, ஒத்துக்கறேன். அப்பீல் வேகமா நடந்ததுக்கு தெருவுல நின்னவங்க காரணம். குற்றவாளின்னு முடிவானதுக்கு கூண்டுல ஏறி சாட்சி சொன்னவங்க காரணம். படத்துல முதல் கூட்டம் நல்லா தெரியுது, ரெண்டாவது கூட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட இல்ல, என் ஆதங்கம் அதான்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், பயம் கொஞ்சம் குறைஞ்சுது. மாத்தி சொன்னவங்கள ஒண்ணுமே பண்ணலையா? சுட்ட அந்த ஆள் இன்னும் உள்ள தானே இருக்கான்?

தியேட்டர்பையன்:
இல்லங்க, 2020 ஜூன்லயே வெளிய விட்டுட்டாங்க, தண்டனை மறுஆய்வு வாரியம் பரிந்துரை பண்ணி. 2009லயே பரோல்ல வந்து டெல்லி நைட்கிளப்ல இருந்தது பேப்பர்ல வந்து நாறிச்சு. ஆனா 2018ல ஜெசிக்காவோட சகோதரி சப்ரினாவே திஹார் ஜெயிலுக்கு, அவர விடறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு லெட்டர் எழுதினாங்க. மன்னிச்சிட்டேன், இனி கோவத்த சுமக்க முடியலன்னு தான் சொன்னாங்க. 2021 ஆகஸ்ட்ல அவங்களும் போய்ட்டாங்க. படத்துல வித்யா அந்த வலிய சொல்லாம சொல்லிருக்கறது இப்ப திரும்ப பாத்தா இன்னும் அழுத்தமா இருக்கும்.

கோர்ட்வாசல்:
பிறழ்சாட்சி விஷயத்துல 2013ல டெல்லி ஹைகோர்ட் முன்ஷி மேலயும் தோட்டா நிபுணர் மேலயும் பொய்சாட்சி வழக்கு தொடர சொல்லுச்சு, மத்தவங்கள விட்டுட்டாங்க. சாட்சிங்களுக்கு பாதுகாப்பு கொடுக்கற திட்டம் 2018ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்ட பிறகு தான் நாடு முழுக்க வந்துச்சு, அதாவது ஜெசிக்கா செத்து பத்தொன்பது வருஷம் கழிச்சு. ஹைகோர்ட் தீர்ப்பு நெட்ல ஃப்ரீயா கிடைக்குது, கொஞ்சம் பெருசு தான், பீனா ரமணி சாட்சியம் வர பகுதிய மட்டுமாவது படிங்க, சந்தேகம் இருந்தா இங்கயே கேளுங்க.