அவர் பாம்புச்செவிக்காரர் என்றே நம்பியிருந்தேன்

பாதி ஆய்வாளர்:
முதுகலை ஆய்வுக்காகக் காதின் த்ரெஷோல்டை, அதாவது கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலி அளவை, அளந்துகொண்டிருந்தேன். மெல்லிய ஒலி வரும், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவருடைய அளவு மட்டும் மற்றவர்களைவிட 10 டெசிபல் கீழே. பாம்புச்செவி என்று பூரித்துப்போனேன். சீனியர் சிரித்துவிட்டு, ஒலியே இல்லாத சுற்றுகளை நடுவில் செருகச் சொன்னார். அப்படி 40 வெற்றுச் சுற்றில் 17 தடவை பொத்தானை அழுத்தியிருந்தார் மனிதர்! பொய்யில்லை, லேசாகச் சந்தேகம் தட்டினாலே அழுத்திவிடும் சுபாவம். அடுத்து வந்த பெண் நேர் எதிர். சத்தியம் செய்யும் அளவுக்கு உறுதியானால் ஒழிய விரல் அசையாது. ஆக, காதை அளக்கிறேன் பேர்வழி என்று இருவரின் துணிச்சலை அளந்திருக்கிறேன்.

பிறகு முறையை மாற்றினோம். அடுத்தடுத்து இரண்டு இடைவெளி, ஒன்றில்தான் ஒலி. எதில் என்று சொல்லியே தீர வேண்டும், தெரியாவிட்டால் ஊகம். தொடர்ந்து மூன்று சரியென்றால் ஒலியைக் குறைப்போம், ஒன்று தவறினால் கூட்டுவோம். இது 79.4 சதவீதம் சரியாகச் சொல்லும் அளவில் போய் நிற்கும் என்று லெவிட் என்ற ஆய்வாளர் 1971-இலேயே கணக்குப் போட்டிருக்கிறார். இருவருக்கும் இடையே மிஞ்சியது 2 டெசிபல்தான்.

சாலிடர் கை:
அந்த முறையும் ஏமாற்றும். 8 கிலோஹெர்ட்ஸ் என்ற கீச்சொலியில் செவித்திறன் குறைந்த ஒருவர் எங்களிடம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். விசாரித்தால், “டிக்குனு ஒண்ணு வருதே, அதை வெச்சுத்தான் சொன்னேன்” என்கிறார். ஒலியைச் சட்டென்று தொடங்கியதால் வேறு அதிர்வெண்களும் சிதறியிருக்கின்றன. தொடக்கத்தையும் முடிவையும் 20 மில்லிசெகண்ட் சரிவாக்கியதும் அவருடைய திறமை போய்விட்டது. நல்லவேளை, கேட்டோம்.

ராக்கோழி:
நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். மங்கலான ஒளிப்பொட்டு இரண்டு இடைவெளியில் எதில் வந்தது என்று சொல்லும் சோதனை. கண் பழகவே 35 நிமிடம் கும்மிருட்டில். 100 சுற்றிலும் எதுவும் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 71 சரியாம்! வெறும் ஊகமென்றால் 50 தானே வரணும்? ஆனால் நடுவில் இரண்டு மூன்று சுற்று கண்ணசந்துவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாதி ஆய்வாளர்:
ராக்கோழி, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் ஒளி கூடக் கூட எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறார்கள் என்று காட்டும் வளைகோட்டின் உச்சியை 100-இல் பூட்டாமல் 98 வரை இறங்க விடுகிறோம். பூட்டினால், பளிச்சென்ற ஒளிக்குத் தூக்கத்தில் சொன்ன ஒரே தப்பு த்ரெஷோல்டையே இழுத்துக்கொண்டு போய்விடும்.