உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி:
சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் வீடு. 100 லிட்டர் தொட்டியில் கிளவுன்ஃபிஷ் வளர்க்க ஆசை. பெரிய மழைக்குப் பிறகு பைப் தண்ணீர் கலங்கலாக வருகிறது. குடிக்க மாட்டியிருக்கும் ஃபில்டரே போதுமா, இல்லை ஆர்ஓ வாங்கித்தான் ஆகவேண்டுமா அண்ணே?

பதில் 1:
போதாது தம்பி. சாதாரண குடிநீர் ஃபில்டர் சேற்றையும் குளோரினையும் பிடிக்கும், ஆனால் கரைந்திருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டை அப்படியே விட்டுவிடும், அதுதான் அப்புறம் கண்ணாடியில் பழுப்புப் பாசியாகப் படியும். ஆர்ஓ-டிஐ வாங்குங்கள்: சேற்றைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன், ஆர்ஓ மெம்பிரேன், கடைசியில் மிச்சம் கரைந்திருப்பதையும் எடுக்கும் டிஐ ரெசின். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கட்டாயம் வேண்டும். 0 காட்ட வேண்டும், ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்றுங்கள். கலங்கல் தண்ணீர் என்பதால் செடிமென்ட் சீக்கிரம் அடைக்கும், கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். மினரல் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
பிரஷரைப் பாருங்கள். கூரை டாங்கித் தண்ணீரில் மெம்பிரேன் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். நேர் பைப்பில் மாட்டுங்கள், அங்கேயும் 50 பிஎஸ்ஐ வராவிட்டால் பூஸ்டர் பம்ப். கழிவுத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.

பதில் 3:
ஆவியாகிக் குறைவதற்கு உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தொட்டித் தண்ணீரின் அடர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.025-ல் நிற்கட்டும்.