யூரோடைனமிக் சோதனை பற்றி அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் தந்தைக்கு வயது 72. புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக எட்டு மாதங்களாக டாம்சுலோசின் என்ற மருந்தை உட்கொண்டும், இரவில் சிறுநீர் கழிக்க நான்கைந்து முறை எழுகிறார். யூரோஃப்ளோ சோதனையில் சிறுநீரின் உச்ச வேகம் நொடிக்கு 9 மில்லிலிட்டர்தான் இருந்தது. இக்குறைவு அடைப்பினாலா, சிறுநீர்ப்பைத் தசை தளர்ந்ததாலா என்பதை அச்சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது என்பதால், சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அதன் உள்ளழுத்தத்தையும் அளக்கும் யூரோடைனமிக் சோதனைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதற்கு முன் மூன்று நாள்களுக்குக் குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் நேரத்துடன் குறித்துவரச் சொன்னார். ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வெளியேறினால், காரணத்தைச் சிறுநீர்ப்பைக்கு வெளியேயும் தேட வேண்டுமாம். அப்பாவோ அளவுக் குவளையைக் கண்டாலே முகம் சுளிக்கிறார். முதல் நாள் கணக்கில் பாதி என் ஊகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதியவர்கள் தாமாகவே நிரப்பக்கூடிய, பெரிய எழுத்திலான தமிழ்ப் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். சென்னை அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையைச் செய்துகொண்டவர்கள், காத்திருந்த காலத்தையும் சோதனைக்குப் பின் எரிச்சல் எத்தனை நாள் நீடித்தது என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மருந்துப் பரிந்துரைகள் மட்டும் வேண்டாம்.